கிதார் சோலோவின்போது பேஸ் வாசிப்பு

ஒரு கிதார், ஒரு பேஸ், டிரம்ஸ் என மூவர் மட்டுமே உள்ள ராக் குழுவில், கிதார் கலைஞர் சோலோவுக்குப் போனதும் பின்னணிக் கார்டுகள் நின்றுவிடும். கீழே பேஸும் மேலே சிம்பலும் ஒலிக்க, நடுவில் பாட்டு வெறிச்சோடிவிடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இன்னொரு கிதாரைத் தனியே பதிந்து சேர்க்கலாம். மேடையில் அதற்கு வழியில்லை; அந்தப் பொறுப்பு பேஸ் கலைஞர் தலையில்தான் விழும்.

1966இல் லண்டனில் உருவான கிரீம் குழுவின் ஜாக் புரூஸ் இதில் முன்னோடிகளுள் ஒருவர். 1968 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்டில் பதிவான 'கிராஸ்ரோட்ஸ்' பாட்டைக் கேட்டால் போதும். குழுவின் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் இரண்டு சோலோக்களிலும் புரூஸ் ஓரிடத்தில் நிற்காமல் பக்கத்திலேயே இன்னொரு மெட்டாக ஓடுகிறார். தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் கணீரென்ற மேல் ஒலியால் இரண்டாவது கிதாரின் இடத்தையே பிடித்துக்கொண்டார். 'லைவ் அட் லீட்ஸ்' (1970) இசைத்தொகுப்பு அதற்குச் சான்று.

பேஸில் கார்டு வாசிப்பது எளிதல்ல. அதன் தடித்த இ தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு கீழே நெருக்கமான சுரங்களைச் சேர்த்து மீட்டினால் எதுவும் விளங்காது. ஆகவே சுரங்களை ஒரு ஸ்தாயிக்கு மேல் தள்ளிவைப்பார்கள். இ தந்தியின் 5ஆம் ஃபிரெட்டில் ஏ சுரத்தையும், ஜி தந்தியின் 6ஆம் ஃபிரெட்டில் அதன் அந்தர காந்தாரத்தையும் ஒருசேர மீட்டினால் ஏ மேஜர் கார்டு காதில் விழும். மேல்விரலை 5ஆம் ஃபிரெட்டுக்கு நகர்த்தினால் மைனர். நடு இரண்டு தந்திகளும் ஒலிக்காமல் விரலால் அமர்த்திக்கொள்ள வேண்டும்.

ஃபஸ், டிஸ்டார்ஷன் பெடல்கள் நடு ஒலியைத் தடிக்கச் செய்யும். கூடவே அடியொலியை மெலியவும் வைக்கும். எனவே பேஸின் சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டு, மற்றதை மட்டும் பெடல் வழியே அனுப்பிக் கலப்பது நல்லது. மியூஸ் குழுவின் கிறிஸ் வோல்ஸ்டன்ஹோம் ஃபஸ் ஒலிக்குப் பேர்போனவர். கனடாவின் ரஷ் குழுவில் கெடி லீ கையால் பேஸ் வாசித்தபடியே காலால் மூக் டாரஸ் பெடல்களை மிதித்து நீண்ட சுரங்களை ஒலிக்கவிட்டார்.

இத்தனையும் கைவந்தாலும், கார்டு மாறும் இடத்தில் மூல சுரம் கிக் டிரம்மோடு சேர்ந்து விழாவிட்டால் சோலோ அந்தரத்தில் தொங்கும். புதிதாகப் பழகுபவர்கள் முதலில் அதை உறுதிசெய்துகொண்டு, பிறகு கார்டுக்கும் பெடலுக்கும் போகட்டும்.