முதலில் அந்தப் பட்டம், பிறகு மருத்துவமா?

பி.எஸ்சி. முடித்து பி.எட். படித்துக்கொண்டிருக்கும்போது மருத்துவ இடம் கிடைக்கிறது. பி.எட்.டை முடித்துவிட்டுப் போவதா, பாதியில் விட்டுவிட்டுப் போவதா? கலந்தாய்வு மாதங்களில் நம் வீடுகளில் எழும் கேள்வி இது. "கையில ஒரு சர்ட்டிபிகேட்டோட போகட்டும், நாளைக்கு அது கைவிட்டாலும் வாத்தியார் வேலைக்காவது போகலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பயத்தை நாம் குறைசொல்ல முடியாது. தலைமுறையில் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளைக்கு விழுந்தால் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. எதை முதலில் முடிப்பது, எதைப் பாதியில் விடுவது என்பதை நம்மவர்களின் விருப்பத்தைவிட உதவித்தொகையின் கெடுதான் அதிகம் தீர்மானித்திருக்கிறது.

அண்ணல் அம்பேத்கரே இதற்கு முதல் சாட்சி. 1913-இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1915-இல் எம்.ஏ. பெற்றார். 1916-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார், கிரேஸ் இன்னில் சட்டப் படிப்புக்கும் பதிந்தார். அடுத்த ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது. இரண்டு படிப்பும் பாதியில் நிற்க 1917-இல் கப்பலேறினார். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதி தந்தது ஒன்றே மிச்சம். தனியாக அனுப்பிய அவருடைய நூல்களும் போரில் மூழ்கிய கப்பலோடு போயின. பரோடாவில் உயர் பதவி கிடைத்தது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பிறகு பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேமித்தார். கோல்ஹாப்பூர் ஷாகு மகராஜ் உதவினார், நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். 1920-இல் மறுபடி லண்டன். 1921-இல் எம்.எஸ்சி., 1923-இல் டி.எஸ்சி. பாதியில் விட்டதை மூன்று ஆண்டு கழித்துத் திரும்பப் போய் முடித்ததை அவருடைய மேதைமை என்கிறோம். சரிதான். ஆனால் அந்த மூன்று ஆண்டு எங்கே போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த அனுபவம் அவருக்கு மறக்கவில்லை. 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி அவர் அளித்த மனுவில் கல்விக்குத் தனி இடம் உண்டு. நம் மாணவர்கள் கலைப் படிப்போடும் சட்டத்தோடும் நின்றுவிடுகிறார்கள், அறிவியலும் தொழில்நுட்பமும் அவர்கள் பெற்றோரின் சக்திக்கு அப்பாற்பட்டவை, அதற்கு மத்திய அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது அவர் வாதம். இன்று நாம் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்று சொல்லும் திட்டம் 1944-இல் தொடங்கியது. மருத்துவப் படிப்பு நம் தெருக்களுக்குள் நுழைந்த பாதையில் இட ஒதுக்கீட்டுக்குப் பக்கத்திலேயே இதுவும் நிற்கிறது. ஆனாலும் மேடையில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இனி எதிர்த் திசையிலிருந்து ஒரு வழக்கு. 1950 ஜூன் 7 அன்று செண்பகம் துரைராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். வகுப்புவாரி அரசாணையால் தமக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்பது முறையீடு. அவர் பி.ஏ. முடித்தது 1934-இல். இடையில் 16 ஆண்டுகள். அவர் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகவே தெரியவில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. விசாரித்ததில், பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது எனத் தெரிந்துகொண்டதாகத்தான் அவருடைய பிரமாணப் பத்திரம் சொன்னது.

பட்டம் வாங்கிப் பதினாறு ஆண்டு கழித்து ஒரு பெண் மருத்துவராக ஆசைப்பட்டதை நாம் கேலி செய்யப் போவதில்லை. 1930-களில் எந்தச் சாதிப் பெண்ணுக்கும் அது எளிதாக இருந்திருக்காது. நாம் கவனிப்பது வேறு. ஒரு பட்டத்தை முடித்து, பல ஆண்டு காத்திருந்து, விண்ணப்பம்கூடப் போடாமல் நேரே உயர் நீதிமன்றப் படியேற அவரால் முடிந்தது. அதே 1950-இல் ஒரு பறையர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த முதல் பட்டமே எட்டாக்கனி.

மாகாணத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் அப்போது மொத்தம் 330 இடங்கள். அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்த ஆணை அரசியல் சட்டத்தின் 29(2) பிரிவுக்கு முரணானது என்றது. நமக்கான இரண்டும் அந்த ஆணையோடு சேர்ந்துதான் விழுந்தன. ஜூன் மாதம் முதல் திருத்தம் 15(4)-ஐக் கொண்டுவந்தது. நாடாளுமன்ற விவாதத்தில் அந்தத் தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தவர் சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர். இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் பிராமணர், பிராமணரல்லாதார் மோதலாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். பதினான்கில் இரண்டு என்ற எண் அதில் காணாமல் போகிறது.

திருத்தம் வந்து இடம் திரும்பிய பிறகும் கெடு பார்க்கும் பழக்கம் போகவில்லை. அது உதவித்தொகை விதிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பி.ஏ. முடித்தவர் பி.காம். படித்தால் பணம் கிடையாது, ஏனென்றால் அது அதே நிலைப் படிப்பு. ஒரு தொழிற்படிப்பை முடித்தவர் இன்னொரு தொழிற்படிப்புக்குப் போனாலும் கிடையாது. பி.எட். முடித்து எல்.எல்.பி. சேர்பவரை விதியே உதாரணம் காட்டியது. இரண்டாவது தடை 1980-81 கல்வியாண்டில்தான் தளர்ந்தது. அதற்கு முன் பி.எட்.டை முடித்துவிட்டு மருத்துவம் போன பிள்ளை, "கையில ஒரு சர்ட்டிபிகேட்" என்ற பாதுகாப்புக்காக உதவித்தொகையையே இழந்திருக்கும். பி.எஸ்சி.யோடு நேரே மருத்துவம் போனவருக்கு விதி இடம் கொடுத்தது. பணக்கார வீட்டில் இரண்டு பட்டம் என்றால் பெருமை. நம் பிள்ளையின் கோப்பில் அதே இரண்டு பட்டம் ஆட்சேபணைக் குறிப்பாக மாறியது.

ஆகவே இன்று இந்த முடிவில் நிற்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது: விட்டுவிட்டுப் போங்கள். நீட் மதிப்பெண் அந்த ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். பி.எட். முடித்த பிறகு மறுபடி எழுதி அதே மதிப்பெண் வாங்க வேண்டும், அந்த ஆண்டின் போட்டியில். வயது வரம்பு 2022-இல் எடுக்கப்பட்டுவிட்டதே, பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். வயது வரம்பு போனது நல்லது, ஆனால் அதனால் அதிகம் பயன் பெறுவது பல ஆண்டுகள் கோச்சிங் கட்டணம் கட்டக் கூடியவர்கள்.

போவதற்கு முன் இரண்டு வேலை. நடப்பு ஆண்டின் உதவித்தொகை வழிகாட்டு விதிகளை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டு, பழைய படிப்புக்கு வாங்கிய தொகையின் நிலையை எழுத்தில் பெறுங்கள். அடுத்தது அசல் சான்றிதழ்கள். மீதிக் கட்டணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்று கல்லூரி பிடித்துவைத்தால், மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின் நகலோடு போங்கள். தனியாகப் போகாதீர்கள், ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.