‘சிம்ப்’னா பாராட்டா, திட்டா? கமென்ட் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

உங்க போட்டோவுக்குக் கீழே யாரோ ஆட்டு எமோஜி போட்டுட்டுப் போயிருக்காங்களா? கோபப்படாதீங்க, பாராட்டுதான். ‘கோட்’னா ‘கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’. 2024-ல் விஜய் படம் வந்த பிறகு நம்ம ஊர்ல இதுக்கு விளக்கமே தேவையில்லை. ‘ரிஸ்’ஸும் நல்ல வார்த்தைதான். பேச்சாலேயே ஆளைக் கவுத்துடுற திறமை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2023-ல் இதைத்தான் ஆண்டின் சொல்லாகத் தேர்வு செய்தது.

எல்லா வார்த்தையும் இப்படி சாதுவா இருக்காது. ‘சிம்ப்’ சுத்தமான திட்டு. ஒருத்தரோட கவனம் கிடைக்கணும்னு சுயமரியாதையை விட்டு ஓவரா குழையுறவர்னு அர்த்தம். ஏமாளியைக் குறிக்கும் ‘சிம்பிள்டன்’ என்ற சொல்லின் சுருக்கமாக 100 வருஷத்துக்கு முன்னாடியே புழங்கிய வார்த்தை இது. இப்போ என்னன்னா, தோழியை அசிங்கமா பேசினவனைத் தட்டிக்கேட்டாலும் ‘சிம்ப்’, வீட்டுல பாத்திரம் கழுவினாலும் ‘சிம்ப்’. இதுல எங்கே குழையுறாங்க? சாதாரண மரியாதைங்க அது!

‘பூமர்’ என்பது 1946-ல் இருந்து 1964 வரை பிறந்த அமெரிக்கத் தலைமுறையின் பெயர். 2019-ல் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில், தன் பேச்சில் குறுக்கிட்டவரைப் பார்த்து 25 வயது எம்.பி க்ளோயி ஸ்வார்ப்ரிக் ‘ஓகே பூமர்’ என்றது செம வைரல். நம்மாளுங்க பின்னாடி ஒரு ‘அங்கிள்’ சேர்த்துட்டாங்க. அட்வைஸ் பண்ணா 30 வயசுக்காரரும் பூமர் அங்கிள்தான்.

ரொம்ப யோசிச்சுப் பயன்படுத்த வேண்டியது ‘காஸ்லைட்டிங்’. பேட்ரிக் ஹாமில்டன் 1938-ல் எழுதிய நாடகத்திலிருந்து வந்த சொல். அதுல கணவன் பொருள்களை ஒளிச்சு வெச்சுட்டு, ‘நீதான் தொலைச்சே’னு மனைவி மேல பழிபோடுவான். அவளுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சுனு அவளையே நம்பவைக்கப் பார்ப்பான். வீட்டுல காஸ் விளக்கு மங்குறதைக்கூட நிஜமா, பிரமையானு தெரியாம தவிப்பாள் அவள். 1944-ல் படமாக வந்தபோது இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஆக, பாய்ஃப்ரெண்ட் ஒரு பொய் சொன்னா அது பொய், அவ்வளவுதான். பிறந்தநாளை மறந்தா மறதி. உங்க கருத்தை ஏத்துக்கலைன்னா சண்டை. ஒவ்வொரு முறையும் ‘அப்படி நடக்கவே இல்ல, உனக்குத்தான் மனசு சரியில்லை’னு சொல்லிச் சொல்லி, உங்க ஞாபகத்தையே நீங்க சந்தேகப்படுற நிலைக்குக் கொண்டுவந்தாதான் காஸ்லைட்டிங். சின்னச் சண்டைக்கெல்லாம் இந்த வார்த்தையை வீசினா, நிஜமாவே இதை அனுபவிக்கிற பொண்ணு சொல்லும்போது, ‘இவளும் ரீல்ஸ் பார்த்துட்டுப் பேசுறா’னு கடந்துபோயிடுவாங்க.

அந்த நிலைமையில நீங்களே இருந்தா, பழைய மெசேஜ்களை அழிக்காதீங்க. நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைங்க. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட அதைக் காட்டிப் பேசுங்க.