பெர்னியேயின் தில்லியும் ஒரு வாக்கியத்தின் பயணமும்

1663 ஜூலை 1 என்று நாளிட்ட நீண்ட கடிதம் ஒன்று தில்லியிலிருந்து பிரான்சுக்கு எழுதப்பட்டது. எழுதியவர் பிரான்சுவா பெர்னியே என்னும் பிரெஞ்சு மருத்துவர். ஔரங்கசீப்பின் அவையில் உயர்நிலையில் இருந்த தானிஷ்மந்த் கானிடம் பணிபுரிந்தவர். தெகார்த்தின் மெய்யியலை அந்தப் பிரபுவுக்காகப் பாரசீகத்தில் பெயர்த்தவர். ஷாஜகான் எழுப்பிய புதிய தில்லிக்கு அப்போது வயது பதினைந்துதான். தில்லியும் ஆக்ராவும் பாரிசுக்கு ஈடாகுமா என்று தாயகத்தார் கேட்கப்போகும் கேள்விக்கு இக்கடிதம் விடை தேடுகிறது.

கண்டதை மறைக்கும் பழக்கம் பெர்னியேக்கு இல்லை. மாளிகைகளுக்கு இடையே எங்கும் மண்சுவரும் கூரையும் கொண்ட குடிசைகள். அவற்றால் தில்லி பல கிராமங்களின் தொகுப்பாகவோ படைப்பாசறையாகவோ தோன்றுகிறது என்கிறார். கோடைக்காற்றில் மூண்ட மூன்று தீவிபத்துகளில் ஒரே ஆண்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூரைகள் எரிந்தன என்று கணக்கும் தருகிறார். கோட்டை எதிரே சோதிடர் கூட்டம். அவர்களுள் கோவாவிலிருந்து ஓடிவந்த போர்த்துகீசியர் ஒருவர், பழைய கப்பல் திசைகாட்டியையும் படங்கள் கொண்ட கிறித்தவச் செபநூல்களையும் விரித்துவைத்துக்கொண்டு பலன் சொல்லிப் பிழைத்தாராம்!

எனினும் ஐரோப்பிய அளவுகோலை மட்டுமே கையில் வைத்திருந்தவர்களோடு அவர் சேரவில்லை. தில்லியின் வெயிலுக்குத் தில்லியின் வீடுதான் பொருந்தும். பாரிசை இங்கே பெயர்த்து வைத்தால் அதில் பெரும்பகுதியை இடித்தாக வேண்டும் என்று வாதிடுகிறார். கோட்டை வாயில் நகார்கானாவின் முரசும் நெடுங்குழலும் தொடக்கத்தில் அவருக்குத் தாங்கமுடியாத இரைச்சல். நாளடைவில் அதே ஓசை, இரவில் மொட்டைமாடியில் படுத்தபடி தொலைவிலிருந்து கேட்கையில், கம்பீரமும் இனிமையும் உடையதாயிற்று. தாஜ்மகால் முன் நின்றபோது, நெடுங்காலம் இங்கே வாழ்ந்ததால் தம் சுவையே கெட்டுவிட்டதோ என்று அஞ்சிக் கருத்தைச் சொல்லாமல் இருந்தார். பிரான்சிலிருந்து புதிதாக வந்திருந்த வணிகர் ஒருவர் வியந்த பிறகே மனம் ஆறினார். தம் காதையும் கண்ணையும் இவ்வாறு ஐயுற்ற பயணி அரிது.

பெர்னியேயின் நூல் 1670-71இல் பாரிசில் வெளிவந்தது. 1853 ஜூன் 2 அன்று எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸ் அதை வெகுவாகப் பாராட்டினார். கீழைநாட்டு நகரங்களின் தோற்றத்தை விளக்க அதைவிடச் சிறந்த நூல் அரிது என்பது அவர் கருத்து. தில்லியில் இடைப்பட்ட நிலை என்பதே இல்லை, ஒருவர் மிக உயர்ந்தவராக இருக்க வேண்டும், இல்லையேல் அல்லலுற வேண்டும் என்ற பொருளில் பெர்னியே எழுதிய வாக்கியமும், முகலாய இந்தியாவில் நடுத்தர வகுப்பு இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகப் பின்னர் பலமுறை எடுத்தாளப்பட்டது.

அந்த வாக்கியம் கடிதத்தில் எங்கே வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது வருமிடம் சாப்பாட்டைப் பற்றிய பகுதி. கடைத்தெருவில் விற்கும் சமைத்த இறைச்சியை நம்பமுடியாது; ஒட்டகமோ, குதிரையோ, நோயில் செத்த மாடோ யார் அறிவார் என்கிறார். நல்ல சம்பளம் வாங்கியும், செலவுக்கு அஞ்சாதவராக இருந்தும், விரும்பியதை உண்ண முடியாத மனிதரின் புலம்பல் அது. நல்ல பண்டங்கள் பிரபுக்களின் வீடுகளுக்குப் போய்விடுகின்றன என்பதே அங்கே குறை. சமூக அடுக்குகளை ஆராய்ந்து கண்ட முடிவாக அதைப் படிக்க இடமில்லை.

அதே கடிதத்தின் வேறு பக்கங்களில் அந்த இடைநிலை மனிதர்கள் நடமாடுகிறார்கள். சிறு மன்சப்தார்கள், நீதி அலுவலர்கள், வணிகர்கள் ஆகியோரின் வீடுகள் தெருத்தெருவாக வருகின்றன. அவற்றுள் பல பார்க்கத் தகுந்தவை என்று அவரே எழுதுகிறார். பெருங்கடைவீதிகளில் கிடங்குகளின் மேல் வணிகர் வீடுகள். காற்றோட்டமான அந்த வீடுகளின் மொட்டைமாடிகளில் அவர்கள் இரவில் உறங்குகிறார்கள். இன்னும் வசதி மிக்க வணிகர்கள் வேலை முடிந்ததும் வேறிடத்திலுள்ள தம் இல்லங்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.