சபை இழந்த இளங்கலைஞர்கள்

கேரள ராஜ்யம் உதயமாகி மூன்று மாதங்கள் நிறைவுறுமுன், 1957 ஜனவரியில், எர்ணாகுளத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் சுமார் 200 மாணவர்களைக் கொண்டு ஒரே நாளில் நடந்து முடிந்த எளிய வைபவமே, இன்று அந்நாட்டில் ஒவ்வோர் இல்லமும் அறிந்த பள்ளிக் கலோத்ஸவத்தின் ஆரம்பம். டில்லியில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நடந்த இளைஞர் விழாவைக் கண்டு திரும்பிய அந்நாளைய கல்வித்துறைத் தலைவர் சி. எஸ். வெங்கடேசுவரன், பள்ளிப் பிள்ளைகளுக்கும் அத்தகையதொரு சபை வேண்டுமென்று கருதியதன் பலன் அது. மறு ஆண்டிலேயே பின்னாளில் பாடகர்களாகப் புகழ்பெற்ற யேசுதாஸ் வாய்ப்பாட்டிலும் ஜெயச்சந்திரன் மிருதங்கத்திலும் முதற்பரிசு பெற்றனர்.

கோயில், அரண்மனை, குலம் என்ற எல்லைகளுக்குள் நெடுங்காலம் காக்கப்பட்டு வந்த கலைகள், கவிஞர் வள்ளத்தோள் 1930இல் நிறுவிய கேரள கலாமண்டலம் போன்ற ஸ்தாபனங்களால் பொதுவெளிக்கு வந்தன எனினும், சாமானியர் வீட்டுக் குழந்தையும் அவற்றை ஊரறிய ஆடிக்காட்டும் உரிமையை விரிவாக வழங்கியது இவ்விழாவே. தமிழகம் தந்த பரதநாட்டியமும், மோகினியாட்டமும், முஸ்லிம் மணவீட்டு ஆட்டமான ‘ஒப்பனா’வும், சிரியன் கிறிஸ்தவரின் மார்க்கங்களியும் ஒரே பந்தலின் கீழ் அடுத்தடுத்து அரங்கேறுவதைக் காண்பதே ஒரு பாக்கியம். 1986இல் தோன்றிய கலாதிலகம், கலாபிரதிபா என்னும் பட்டங்கள் போட்டியை மிதமிஞ்சிய பகைமைக்குக் கொண்டு சென்றமையால் 2006இல் கைவிடப்பட்டன. ஆயினும் விழாவின் மீது ஜனங்கள் கொண்ட பற்றுக் குறையவில்லை.

2019 நவம்பர் இறுதியில் காஞ்ஞங்காட்டில் அறுபதாவது விழா கூடிக் கலைந்து இரண்டு மாதங்களில் கொரோனா தொற்று கேரளத்தில் காணப்பட்டது. பள்ளிகளின் கதவுகள் அடைபட்டன; பாடங்கள் தொலைக்காட்சி வழியே வீடு தேடி வந்தன; இரண்டு கல்வியாண்டுகளுக்குக் கலோத்ஸவம் நடைபெறவில்லை.

அக்காலத்தில் ஆங்காங்கே சிலர் இணையவழி நடத்திய நாட்டியப் போட்டிகளில், நாற்காலியின்மேல் அடுக்கிய பாடப்புத்தகங்களில் தாயார் கைப்பேசியைச் சாய்த்து நிறுத்த, செம்பஞ்சுக்குழம்பு பூசிய பாதங்களுடன் மகள் அதன் முன்னே அரைமண்டியில் நிற்பாள். கையை நீட்டினால் விரல் நுனி சட்டத்துக்கு வெளியே போகும். ஜதியை முடிக்கும் தீர்மானத்தில் பாதம் தரையைத் தொட்டு ஒரு கணம் கழிந்த பின்னரே அந்த அடியின் ஓசை மறுமுனையில் நடுவரை எட்டும். ஒப்பனை அறையில் சக போட்டியாளரின் தாயொருத்தியே ஊக்கு எடுத்துக்கொடுத்து விசிறிமடிப்பைச் சரிசெய்யும் பரிவும், முன்னர் ஆடியவளின் அபிநயத்தைத் திரை மறைவில் நின்று கண்கொட்டாமல் பார்த்துக் கற்கும் வாய்ப்பும் அங்கே இல்லை. மதிப்பெண் கிடைத்தது, சபை கிடைக்கவில்லை. அபிநயம் என்பது எதிரே அமர்ந்திருப்பவரின் உள்ளத்தில் ரசமாக நிறைவுறுவது என்னும் பரத சாஸ்திரத்தின் அடிப்படைக் கொள்கையை, அந்தச் சிறு அறைகளின் வெறுமை நமக்கு மீண்டும் மெய்ப்பித்துக் காட்டியது.

2021 நவம்பர் முதல் தேதி பள்ளிகள் திறந்தன. 2023 ஜனவரி 3 முதல் 7 வரை கோழிக்கோட்டில், 239 போட்டிகளுடன், அறுபத்தோராவது கலோத்ஸவம் மீண்டும் கூடியபோது மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். ஆனால் 2020இல் பதினோராம் வகுப்பில் சேர்ந்து 2022இல் பள்ளியை முடித்து வெளியேறிய பிள்ளைகளுக்கு அந்த மேல்நிலைப் பிரிவின் மேடை ஒருமுறையேனும் வாய்க்கவில்லை. படிப்பில் விட்டுப்போன பாடத்தைப் பிறகு கற்கலாம். வகுப்பை வரம்பாகக் கொண்ட விழாவில் தவறிய ஆண்டை எந்த உத்தரவாலும் மீட்க இயலாது. ஆதலின், பரிசும் நடுவரும் இன்றியேனும், அவ்விரண்டு ஆண்டுகளின் பிள்ளைகளுக்கென இனிவரும் கலோத்ஸவங்களில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அவர்கள் அன்று பயின்றதை நிறைந்த சபையில் ஆடச் செய்வது, அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனைத் தீர்க்கும் வழியாகும்.