பெற்றோர் முறையீடு: மறைந்துபோன ஒரு சட்டவரி

சேர்வராயன் மலையுச்சியில், 5300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், குனிந்தே நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் கோயில் கொண்டிருக்கின்றனர். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிகள் ஊர் ஊராகத் திரண்டு வருவர். (பெயரைக் கண்டு கேரளத்தை நினைக்க வேண்டா, தமிழ் பேசும் மலைக்குடிகள் இவர்கள். காஞ்சியிலிருந்து வந்தோம் என்பது அவர்தம் மரபுக்கதை.) கோயிலுக்குக் கீழே ஏற்காடு. 1917இல் தொடங்கிய மான்ட்போர்ட் முதலாகப் பெயர்பெற்ற உறைவிடப் பள்ளிகள் அங்குண்டு. சமவெளிப் பிள்ளைகள் படிப்புக்காக மலையேறுகின்றனர். இதே மலையின் சிற்றூர் ஒன்றில், காது கேளாத பிள்ளையைப் பெற்றவரிடம் உள்ளூர்ப் பள்ளி 'எங்களால் இயலாது, வேறு இடம் பாருங்கள்' என்று சொல்லிவிட்டால், அவர் 20 கொண்டையூசி வளைவுகள் இறங்கிச் சேலம் வர வேண்டும். வந்து யாரிடம் முறையிடுவார்?

இக்கேள்வி நம் நாட்டில் நெடுங்காலம் எழவேயில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்ஸ் சுவைன்சன் பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கியபோது அது அருட்பணி. அதன் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஈகையாகக் கிடைப்பதை எதிர்த்து யாரும் வழக்காட முடியாது. இடம் கிடைத்தால் பெற்றோர் கைகூப்பினர்; கிடைக்காவிட்டால் பிள்ளையோடு வீடு திரும்பினர்.

பெற்றோரை வழக்காட வைத்த முதல் சட்டங்களுள் ஒன்று அமெரிக்காவில் பிறந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பள்ளிகள் விலக்குவதை எதிர்த்துப் பென்சில்வேனியாவில் பெற்றோர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கு 1971இல் உடன்பாட்டுக்கு வந்தது. அடுத்த ஆண்டு, வாஷிங்டன் நகரக் கல்வி வாரியம் பணமில்லை என்று கைவிரித்தபோது நீதிபதி வாடி அதை ஏற்கவில்லை. பற்றாக்குறையின் சுமையை இப்பிள்ளைகள்மேல் மட்டும் கூடுதலாக ஏற்றலாகாது என்றார். இவ்வழக்குகளின் விளைவாக 1975 நவம்பரில் சட்டம் பிறந்தது (நம் நாட்டில் அது நெருக்கடி நிலைக் காலம்). கல்வி தருவோம் என்ற வாக்குறுதியைவிட, கருத்து வேறுபட்டால் என்ன செய்வது என்று வகுத்ததே அதன் சிறப்பு. பிள்ளையை இடம் மாற்ற நினைக்கும் பள்ளி காரணத்தை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். பெற்றோர் இசையாவிடின், பள்ளி நிர்வாகத்தின் ஊழியரல்லாத ஒருவர்முன் விசாரணை. முடிவு வரும்வரை பிள்ளை இருந்த வகுப்பிலேயே இருக்கும். இந்தக் கடைசி விதியை நாம் பெரிதும் வியக்கிறோம். பெரியவர்கள் பொருதும் காலத்தில் பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமல் காப்பது அதுதான். 1997இல் சமரசப் பேச்சுக்கும் சட்டம் வழிசெய்தது. குறையில்லாமல் இல்லை: வழக்கறிஞரை அமர்த்த வசதியுள்ளோர்க்கே இம்முறை கைகொடுக்கிறது என்பார் உளர். மெய்ப்பிக்கும் பொறுப்பு முறையிடுபவருடையதே என்று 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

நம் ஊனமுற்றோர் சட்டம் 1995இல் நிறைவேறியது. அதன் 30ஆம் பிரிவைக் கூர்ந்து படித்தோர் குறைவு. போக்குவரத்து, சீருடை, உதவித்தொகை என அடுக்கிச் செல்லும் பட்டியலின் நடுவே ஒரு வரி உண்டு: பிள்ளைகளுக்கு எங்கே இடமளிப்பது என்பது குறித்த பெற்றோர் குறைகளைத் தீர்க்கத் தக்க மன்றங்கள் அமைக்கப்பட வேண்டும். ஆனால் மன்றத்தில் யார் அமர்வர், எத்தனை நாளில் முடிவு, அதுவரை பிள்ளை எங்கே என்று அப்பிரிவில் ஒரு சொல் இல்லை. அத்தகைய மன்றத்தின் படியேறியதாகச் சொன்ன பெற்றோரை நாம் இதுவரை சந்தித்ததில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பழையதை நீக்கியபோது அவ்வரியும் மறைந்தது. புதிய சட்டம் கூறும் குறைதீர் அலுவலர், அரசு நிறுவனங்களின் வேலைவாய்ப்புக் குறைகளுக்கானவர்.

மலைக்கிராமத்துப் பெற்றோருக்கு எஞ்சிய வழிகள் இரண்டு. ஒன்று, சென்னையிலுள்ள மாநில ஆணையர். அவரது பரிந்துரையை ஏற்காத அதிகாரி 3 மாதத்துக்குள் காரணம் கூற வேண்டும். மற்றது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2012 திருத்தம் இப்பிள்ளைகளை அதன் வரம்புக்குள் வெளிப்படையாகக் கொணர்ந்தது. அதன்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் முறையிடலாம். 3 மாதத்தில் முடிவு வேண்டும். மேல்முறையீடு குழந்தை உரிமை ஆணையத்துக்கு. அந்த 3 மாதமும் பிள்ளை எங்கிருக்கும் என்பதற்கு மட்டும் இப்போதும் விடையில்லை.

பள்ளியை மட்டும் பழிப்பதும் நேர்மையன்று. பயிற்சியற்ற ஆசிரியர் நிரம்பிய வகுப்பில் என்ன செய்வார்? தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கும் மேல்வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் பெற்றோர் அல்லர், சிறப்பாசிரியர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பெற்றோர் வழக்குகள் அரிதாயிருப்பதற்கு நாம் காணும் காரணம் எளியது. நம் பள்ளிகளில் மறுப்பு பெரும்பாலும் எழுத்தில் வருவதில்லை. 'பிள்ளையின் நன்மைக்காக' என்று கனிவாகவே பேசி, பெற்றோரையே விண்ணப்பம் எழுதச் செய்து, மாற்றுச் சான்றிதழை நீட்டுவர். பதிவேட்டின்படி பிள்ளையை யாரும் விலக்கவில்லை. பெற்றோரே அழைத்துச் சென்றனர். அவ்விண்ணப்பத்தில் கையெழுத்திடாமல், காரணத்தை எழுத்தில் தருமாறு பெற்றோர் கேட்கலாம். பள்ளி தர மறுத்தாலும், பதிவஞ்சலில் அனுப்பிய அவ்வேண்டுகோளின் நகல் ஆணையரிடம் காட்டுவதற்கு ஓர் ஆவணமாகும்.