ஒரு பெர்த், அஞ்சு கம்ப்யூட்டர்

ஆபீஸ்ல சேல்ஸ் டீமுக்கு ஒரு சி.ஆர்.எம்., சப்போர்ட் டீமுக்கு இன்னொண்ணு. ரெண்டுலயும் அதே கஸ்டமர்தான். "ரெண்டையும் சிங்க் பண்ணிடுங்க"ன்னு மேனேஜர் ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுவார். அந்த ஒரு வரிக்குள்ள எவ்வளவு வேலை இருக்குன்னு புரியணும்னா, துவாக்குடிக்குப் போகணும்.

துவாக்குடி பக்கத்துல இப்போ என்.ஐ.டி.யா இருக்கிற கல்லூரி, 1964-ல ஆர்.இ.சி.யா தொடங்கினது. ஆர்.இ.சி.ன்னா பாதி சீட் சொந்த மாநிலத்துக்கு, பாதி வெளி மாநிலங்களுக்கு. அதனால ஹாஸ்டல்ல வடநாட்டுப் பசங்க எப்பவும் உண்டு. லீவுக்கு டெல்லி போற ஒரு பையனை நினைச்சுக்கோங்க. போற டிக்கெட்டை இங்கேயே எடுத்துடலாம். திரும்பி வர்ற டிக்கெட்தான் தலைவலி. அந்த ரயிலோட கணக்கு டெல்லியில இருக்கும். இங்கேர்ந்து தந்தி போய், அங்கேர்ந்து பதில் வரணும்.

1985-86-ல டெல்லியில கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் வந்தது. சி.எம்.சி. நிறுவனம் எழுதின அந்த மென்பொருளுக்குப் பேரு 'இம்ப்ரெஸ்'. அப்புறம் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத். கியூ வேகமா நகர்ந்தது. ஆனா அஞ்சும் அஞ்சு தனித் தீவு.

சரி, எல்லா டேட்டாவையும் அஞ்சு இடத்துலயும் காப்பி பண்ணி வெச்சா? ஒரே நொடியில சென்னையும் டெல்லியும் அதே பெர்த்தை வித்துட்டா, ராத்திரி ரெண்டு பேர் டிக்கெட்டோட வந்து நிப்பாங்க. யாரை இறக்கி விடுறது?

ரயில்வேயோட 'கிரிஸ்' அமைப்பு உருவாக்கின 'கான்செர்ட்' இதுக்கு வேற வழி எடுத்தது. ஒரு ரயிலுக்கு ஒரே மையம்தான் சொந்தக்காரர். மத்தவங்க காப்பி வெச்சுக்க மாட்டாங்க, கேட்பாங்க. திருச்சி கவுண்டர்ல கேட்டா, கேள்வி சென்னை வழியா டெல்லிக்குப் போகும். டெல்லி சீட்டை ஒதுக்கிட்டுப் பதில் சொல்லும். ஆனா அதுக்கு முன்னாடி அஞ்சு மையமும் ஒரே மென்பொருளுக்கு மாறணும். 1994-ல செகந்திராபாத்ல ஆரம்பிச்சு, அஞ்சும் இணைஞ்சு முடிய 1999 ஏப்ரல் ஆயிடுச்சு. 2002-ல வந்த ஐ.ஆர்.சி.டி.சி. இணைய டிக்கெட் இந்த அடித்தளத்து மேலதான் நின்னது.

சி.ஆர்.எம்.ல காப்பியே இல்லாம இருக்க முடியாதுதான். ஒரு விலாசம் அஞ்சு நிமிஷம் பழசா இருந்தா யாரும் நடுராத்திரி பிளாட்பாரத்துல நிக்கப் போறதில்ல. ஆனா கேள்வி அதேதான்: போன் நம்பருக்கு யார் சொந்தக்காரர்? பில் விலாசத்துக்கு யார்? ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல மாத்தினா யார் சொல்றது செல்லும்? ஒரு பக்கம் 'எஸ்.குமார்', இன்னொரு பக்கம் 'குமார் எஸ்'னு இருக்கிறவர் ஒரே ஆள்னு எந்த நம்பரை வெச்சுச் சொல்வீங்க? இதெல்லாம் ஒரு தாள்ல எழுதி முடிச்ச பிறகுதான் டூல் வாங்கிற பேச்சு.

அடுத்த தடவை டிக்கெட் எடுக்கும்போது பி.என்.ஆர். நம்பரைப் பாருங்க. எந்த மையம்னு முதல் இலக்கமே சொல்லிடும். சொந்தக்காரர் யாருன்னு நம்பர்லயே எழுதி வெச்சிருக்காங்க.