கேட்டு இறங்குதலும் கேளாது இறங்குதலும்

1909ஆம் ஆண்டு யூலை மாதம் 25ஆம் நாள், பிரெஞ்சு விமானியாகிய லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, இங்கிலாந்தின் டோவர்க் கோட்டைக்கு அண்மையில் ஒரு புல்வெளியில் இறங்கினார். அநுமதி கேட்பதற்கு அங்கே விமான நிலையமும் இல்லை. அதற்கென ஒரு சட்டமும் இல்லை.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1906இல், சர்வதேசச் சட்டக் கழக அறிஞர்கள் வானம் சுதந்திரமானது என்று தீர்மானித்திருந்தனர். ஆனால் ஜேர்மானியப் பலூன்கள் பிரெஞ்சு மண்ணில் வந்திறங்கவே அரசுகள் ஐயுற்றன. 1910இல் பாரிஸ் மாநாடு இணக்கமின்றிக் கலைந்தது. முதலாம் உலகப் போர் விமானத்தின் அழிவாற்றலைக் காட்டிய பின்னர், 1919ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, தன் நிலத்துக்கு மேலுள்ள வானும் அந்தந்த நாட்டுக்கே உரியது என நிலைநாட்டியது.

1944 டிசெம்பர் 7இல் கைச்சாத்தான சிக்காகோ உடன்படிக்கை ஒரு நடுவழியைக் கண்டது. கால அட்டவணைப்படி பறக்கும் சேவைகளுக்கு முன் அநுமதி வேண்டும். ஏனைய விமானங்கள், பயணிகளையோ சரக்கையோ ஏற்றி இறக்கும் நோக்கமின்றித் தரிப்பதற்கு அது வேண்டியதில்லை. எனினும், நடைமுறையிற் பல நாடுகள் இவற்றிடமும் முன் அநுமதி கோருகின்றன.

இவ்வாறு கேட்பது வீண் கெடுபிடியா? அன்று. சிறிய விமானத் தளமொன்றின் புற்றரை மழையில் ஊறியிருக்கலாம், பரசூட் வீரர் குதித்துக்கொண்டிருக்கலாம், தீயணைப்போர் இல்லாதிருக்கலாம். இவற்றைத் தளத்தில் உள்ளவரே அறிவர்.

1983 யூலை 23இல், கனடாவில் எரிபொருள் தீர்ந்த பயணி விமானமொன்று, கிம்லி என்னும் ஊரிலே கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறங்கியது. துணை விமானி அங்கு முன்னர்ப் பணியாற்றியவர். ஆயினும் அவ்வோடுபாதை மோட்டார்ப் பந்தயத் திடலாக மாறியிருந்ததை அறியார். அன்று அங்கே மக்கள் கூடியிருந்தனர். விமானத்திலிருந்த 69 பேரும் உயிர்தப்பினர், தரையிலிருந்தோருக்கும் தீங்கில்லை. முன்னதாகக் கேட்டறிவது ஏன் நன்று என்பதையும், எக்காலத்தும் அது இயலாது என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்துகிறது. இடருற்ற விமானத்துக்கு இயன்ற உதவி செய்க என்று சிக்காகோ உடன்படிக்கையின் 25ஆம் உறுப்புரை பணிக்கிறது.

நம் முன்னோரும் இதனை அறியாதவரல்லர். நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டைக் காண்மின். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து சேரவேண்டும் என்றும் அவர்கள் காக்கப்படவேண்டும் என்றும் அதிலே விதித்தான். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால், காற்பங்கு பண்டாரத்துக்கு; முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிகப் பொருள் ஏற்றிய கலமாயின் இருவர்க்கும் சரிபாதி.

வரும் துறையைக் குறித்த அரசன், கலம் உடைந்தவனையும் மறந்துவிடவில்லை. இன்றைய வான்துறைக்கும் இவ்விரண்டும் வேண்டும். வசதியோடு வருபவன் கேட்டே இறங்குக. உயிர்காக்க வருபவனிடம் அநுமதி எங்கே என்று எவரும் கேளாதிருக்க.